வேட்பாளரும் வடிகட்டியும்

வேட்டல் என்பது விரும்புதல். அவ்வினையினின்று பிறந்ததே 'வேட்பாளர்' என்னும் சொல். தேர்தல் என்பது ஆராய்ந்து தெளிதல். ஆகவே தமிழ்ச் சொல்லமைப்பின்படி பார்த்தால், ஒரு தொகுதியில் பதவியை விரும்பி நிற்போர் சிலர். அவர்களை ஆராய்ந்து தெளிய வேண்டியோர் பல்லாயிரவர். அரபு மொழியோ இதனினும் நுட்பமானதொன்றைச் சொல்கிறது. தேர்தலில் நிற்பவரை அம்மொழியார் 'முரஷ்ஷஹ்' என்பர். இதன் வேர்ச்சொல்லுக்குக் கசிதல் என்பது பொருள். மட்பாண்டத்தின் புறத்தே நீர் துளிர்ப்பதை 'ரஷ்ஹ்' என்பார்கள். அதிலிருந்து வடிகட்டுதல் என்னும் பொருளும், ஒருவரைத் தகுதியுடையார் என முன்னிறுத்துதல் என்னும் பொருளும் கிளைத்தன. ஷீனுக்கு ஜேர் இட்டு 'முரஷ்ஷிஹ்' என்றால் நீர் வடிகட்டும் கருவி. ஜபர் இட்டு 'முரஷ்ஷஹ்' என்றால் வேட்பாளர்.

இச்சொல்லொற்றுமையை வேடிக்கைக்காக ஈண்டு எடுத்துரைத்தோமல்லோம். தேர்தல் வரும்போதெல்லாம் நீரைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் காற்றைப் பற்றியும் வேட்பாளர் சில சொற்களைச் சொல்லத்தான் செய்கின்றனர். ஆற்றைத் தூர்வாருவோம் என்கிறார் ஒருவர். ஆலையை மூடுவோம் என்கிறார் இன்னொருவர். உலகம் வெப்பமடைவதைத் தடுப்போம் என்கிறார் மூன்றாமவர். இச்சொற்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நோக்குவது எங்ஙனம்? ஊர்க் கிணற்றைப் பற்றிய வாக்குறுதிக்கும் நாட்டு வனங்களைப் பற்றிய வாக்குறுதிக்கும் ஒரே தராசு உண்டா? அப்படியே ஒப்பிட்டுவிட்டாலும், ஏனைய கவலைகளுக்கிடையே அதற்கு எத்துணை எடை கொடுப்பது? இவை அரசியற் கேள்விகளாகத் தோன்றினும் அடியில் அறக் கேள்விகளே.

சுற்றுச்சூழல் என்பது வயிறு நிறைந்தவரின் பேச்சு என்று கருதுவோர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு நாம் தொலைதூர உதாரணம் எதனையும் காட்ட வேண்டியதில்லை. பாலாற்றைக் காட்டினால் போதும்.

கருநாடக மாநிலத்து நந்திமலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைச் சிறிது தொட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை, காஞ்சிபுரம் என வழிநெடுகிலும் ஊர்களை வளர்த்துக் கடலைச் சேரும் ஆறு அது. ஏறத்தாழ 348 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வாற்றின் பெரும்பகுதி, அதாவது 222 கிலோமீட்டர், தமிழகத்தில் ஓடுகிறது. 'ஓட வேண்டும்' என்பதே சரி. மேலே தண்ணீர் பிடித்து வைக்கப்படுகிறது. நடுவே மணல் அள்ளப்பட்டது. கரையோரத்துத் தோல்ஷாப்புகளின் கழிவுநீர் பல்லாண்டுகள் அதிலேயே விடப்பட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய புகழ்பெற்ற தீர்ப்பு இக்கழிவைப் பற்றியதே. வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பொன்று தொடுத்த அவ்வழக்கில் எடுத்துக் காட்டப்பட்ட செய்திகளைப் படித்தால் மனம் கனக்கும். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்பதும், கேடு வருமென ஐயுறும் இடத்தில் முழுச் சான்று கிடைக்கும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அத்தீர்ப்பு உறுதி செய்தது.

இனி நாம் மறைக்கக்கூடாத செய்திக்கு வருகிறோம். அத்தோல்ஷாப்புகளில் கணிசமானவை நம் சமுதாயத்தவருடையவை. தமிழ் பேசுவோரும் உருது பேசுவோருமாக வடஆர்க்காட்டு முஸ்லிம் வணிகர் அத்தொழிலில் ஈட்டிய செல்வத்தால் விளைந்த நன்மைகள் கொஞ்சநஞ்சமல்ல. 1919இல் வாணியம்பாடியில் எழுந்த இஸ்லாமியாக் கல்லூரிக்கும், 1965இல் மேல்விஷாரத்தில் எழுந்த சி. அப்துல் ஹக்கீம் கல்லூரிக்கும் பின்னால் தோல் வணிகரின் கொடையுள்ளம் உண்டு. பள்ளிவாசல்கள், மதரஸாக்கள், முதியோர்க்கும் அநாதைகளுக்குமான நிலையங்கள் எனக் கணக்கெடுத்தால் பட்டியல் நீளும். ஓதிக்கொடுத்து வாழும் நம் போன்றோரின் ஊதியத்திலும் அத்தொழிலின் பங்கு உண்டு. எனவே பாலாற்றுக் கரையில் நின்று வேட்பாளர்களை ஒப்பிடும் முஸ்லிம் குடும்பம், தன் கிணற்றைக் கெடுத்தது எது என்பதை மட்டுமன்றித் தன் பிள்ளையைப் படிக்க வைத்தது எது என்பதையும் அறிந்தே ஒப்பிட வேண்டியிருக்கிறது. அறக் கேள்வியின் முழுக் கனமும் இங்கேதான் இருக்கிறது.

சென்ற நூற்றாண்டின் உலமாக்கள் சிலர், வாக்களிப்பதன் தன்மை யாது என ஆராய்ந்து, அது ஒருவகையில் ஷஹாதத், அதாவது சாட்சியம். மற்றொருவகையில் வகாலத், அதாவது ஒருவரை நம் சார்பாளராக நியமித்தல் என்று வகுத்துரைத்தனர். இப்பகுப்பு வேட்பாளரை எடைபோட மிகவும் உதவுவதாக நமக்குத் தோன்றுகிறது. சாட்சியம் என்பது நடந்ததைப் பற்றியது. கண்டதைக் கண்டவாறு சொல்வது. நாளை நடக்கப்போவதற்கு எவரும் சாட்சி சொல்ல இயலாது. ஆகவே சாட்சியம் என்ற வகையில் வாக்கு, வேட்பாளரின் கடந்தகாலத்தைச் சார்ந்து நிற்கிறது: இவர் பதவியிலிருந்தபோது மணல் வண்டிகள் எவ்வழியே சென்றன? கழிவுநீர் பற்றிய கூட்டத்துக்கு வந்தாரா? வந்தார் எனின் யார் பக்கத்தில் அமர்ந்தார்? வகாலத் என்பதோ நாளையைப் பற்றியது. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. வகீல் தமக்கு ஒப்படைக்கப்பட்ட காரியத்தின் எல்லைக்குள்தான் செயற்பட முடியும். அதற்கு அப்பால் அவர் செய்வது செல்லாது. எனவே வாக்குறுதி நல்லதா என்று கேட்பதற்கு முன், வாக்குறுதி அளிப்பவர் அமரப்போகும் நாற்காலிக்கு அவ்வதிகாரம் உண்டா என்று கேட்க வேண்டும்.

இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதி வாக்குறுதிகள் உதிர்ந்துவிடும். நம் அரசியற் சாசனத்தின் ஏழாவது அட்டவணைப்படி நீர் மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆனால் மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறுகளை ஒழுங்குபடுத்துவது ஒன்றியத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. வனம் 1976 முதல் இருவருக்கும் பொதுவான பட்டியலில் இருக்கிறது. குப்பையும் கழிவும் ஊராட்சி, நகராட்சிகளின் பொறுப்பு. 1992இல் சேர்க்கப்பட்ட பன்னிரண்டாவது அட்டவணை, சுற்றுச்சூழலைப் பாதுகாப்பதையும் நகராட்சிகளுக்கு உரிய பணிகளுள் ஒன்றாகக் குறிக்கிறது. நிலைமை இவ்வாறிருக்க, நாடாளுமன்ற வேட்பாளர் தெருச் சாக்கடையைச் சரிசெய்வதாகச் சொல்வதையும், நகரமன்ற வேட்பாளர் அண்டை மாநிலத்துத் தடுப்பணையை உடைத்தெறிவதாக முழங்குவதையும் நாம் ஆண்டாண்டுக் காலமாகக் கேட்டு வருகிறோம். கைதட்டவும் செய்கிறோம்! குப்பத்தருகே ஆந்திர அரசு கட்ட முற்பட்ட தடுப்பணைக்கு எதிராக 2006இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தை அணுகியது. அது மாநில அரசு செய்யக்கூடிய செயல், செய்தது. அதைப் போன்ற வழக்கை எவ்வாறு நடத்தப் போகிறீர் என்று சட்டமன்ற வேட்பாளரைக் கேட்கலாம். வார்டு வேட்பாளரிடம் கேட்பதில் பயனில்லை. அவரிடம் கேட்க வேண்டியது, தெருக் குப்பை ஆற்றுப் படுகையில் கொட்டப்படுகிறதே, அதைப் பற்றி.

நாடாளுமன்ற உறுப்பினரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1985இல் கட்சித்தாவலைத் தடுக்கக் கொணரப்பட்ட பத்தாவது அட்டவணைக்குப் பின், கட்சிக் கொறடாவின் கட்டளையை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியையே இழக்கக்கூடும். ஆகவே வேட்பாளரின் சொந்தக் கருத்து எத்துணைத் தூயதாயினும், சட்டமுன்வடிவு வரும் நாளில் கட்சியின் கருத்தே அவர் கையைத் தூக்கும். இதனால் தனிமனிதருக்கு மதிப்பில்லை என்பதன்று. கேள்வி நேரம் உண்டு, குழுக்கள் உண்டு, தொகுதி மக்களை அழைத்துக்கொண்டு அமைச்சரைப் பார்க்கும் வழி உண்டு. எனினும் தேசியப் பிரச்சினைகளில் கட்சியை முதலிலும் ஆளை அடுத்தும், ஊர்ப் பிரச்சினைகளில் ஆளை முதலிலும் கட்சியை அடுத்தும் நோக்குவதே அறிவுடைமை என்பது நம் துணிபு.

ஊர் வேறு, நாடு வேறு என்று பிரித்துவிடவும் முடியாது. பாலாற்றின் கதையையே எடுத்துக்கொள்வோம். முற்காலத்தில் அங்கு ஆவாரம்பட்டை முதலிய மரப்பட்டைகளைக் கொண்டு தோல் பதனிட்டனர். அதிலும் கழிவு உண்டு, நாற்றம் உண்டு, உப்பு உண்டு. ஆனால் 1970களில் நாட்டின் ஏற்றுமதிக் கொள்கை மாறிற்று. பச்சைத் தோலின் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. அரைப்பதத் தோலுக்கு அளவு விதிக்கப்பட்டது. முழுமையாகப் பதனிட்ட தோலும் காலணிகளும் அனுப்பினால் அந்நியச் செலாவணி மிகுதியாகக் கிடைக்கும் எனக் கருதப்பட்டது. வேலைவாய்ப்பும் பெருகியது, மறுக்கவில்லை. ஆனால் குரோமியத்தைக் கொண்டு பதனிடும் முறை பரவியதும் அக்கொள்கையின் நிழலில்தான். தில்லியில் வணிகத் துறை எடுத்த முடிவு ஆம்பூர்க் கிணற்றில் இறங்கியது. அன்று அக்கொள்கையைப் பற்றி எந்த வேட்பாளராவது கிணற்றின் பெயரால் பேசியிருப்பாரா? பேசியிருந்தாலும் கேட்டவர்க்கு விளங்கியிருக்குமா? தேசியப் பிரச்சினை என்பது பெரும்பாலும் ஊர்ப் பிரச்சினை தன் முகத்தைக் காட்டுவதற்கு முன் அணிந்திருக்கும் உடையே.

அண்மைக்கால உதாரணமும் உண்டு. 2023இல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டு, டங்ஸ்டன் உள்ளிட்ட முக்கியக் கனிமங்களின் சுரங்க உரிமையை ஏலம் விடும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. அச்செய்தி செய்தித்தாளின் உட்பக்கத்தில் கிடந்தது. 2024 நவம்பரில் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி வட்டாரம் ஏலம் போனதும் ஊரே திரண்டது. பல்லுயிர் மரபுத் தலமென 2022இல் மாநில அரசால் அறிவிக்கப்பட்ட ஊர் அது. 2024 டிசம்பரில் தமிழகச் சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தைக் கைவிட்டது. அரிட்டாபட்டியார் வென்றனர், நன்று. ஆனால் சட்டம் திருத்தப்பட்ட நாளிலேயே அதனை ஊன்றிப் படித்துத் தம் தொகுதியில் இது எங்கே வந்து இறங்கும் என்று கணித்த உறுப்பினர் எத்தனை பேர் என்பதே அடுத்த தேர்தலில் கேட்க வேண்டிய கேள்வி. கட்சிகள் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டிக்கொண்ட ஆரவாரத்தில் அக்கேள்வி அமிழ்ந்துபோயிற்று.

மிகத் தொலைவான வாக்குறுதிகளைப் பற்றி ஒரு சொல். 2070ஆம் ஆண்டுக்குள் கரிம வெளியேற்றத்தை நிகரச் சுழியமாக்குவதாக இந்தியா 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவித்தது. குறிக்கோள் உயர்ந்ததே. ஆயினும் மேடையில் 2070ஐப் பற்றி உருகும் வேட்பாளர், தம் ஐந்தாண்டுக்குள் ஆகக்கூடியது எதையும் சொல்லவில்லையெனின், அச்சொல்லுக்கு எடை மிகக் குறைவு. கணக்குக் கேட்கும் நாளில் கேட்பவரும் இரார், சொன்னவரும் இரார்.

கணக்கு என்றதும் உத்திரமேரூர் நினைவுக்கு வருகிறது. அதுவும் பாலாற்று நாட்டைச் சார்ந்த ஊர்தான். முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளை ஒட்டி வெட்டப்பட்ட கல்வெட்டுகள், அவ்வூர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தெரிந்தெடுத்த விதியை விரித்துரைக்கின்றன. முப்பது குடும்புகள், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு ஒரு சிறுவனை எடுக்கச் செய்தல், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். ஏரியைக் காப்பதற்கென்றே தனி வாரியம் இருந்ததைக் கவனிக்க. அதனினும் கவனிக்கத் தக்கது, தகுதியின்மை பற்றிய விதி. முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவர் மீண்டும் நிற்கக் கூடாது. அவர்தம் நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாது. அது அந்தணர் சபை. சொத்துடைய ஆடவர்க்கே அங்கு இடம். உழுதவரும் பெண்டிரும் அதில் இல்லை. அதனைக் குடியாட்சி என்று நாம் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. ஆயினும் நீர்நிலையை ஆள வருபவனிடம் முதலில் கேட்க வேண்டியது பழைய கணக்கு என்னும் அறிவு ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்பே கல்லில் ஏறியிருக்கிறது.

இன்று 2002இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் பயனாக, வேட்பாளர் தம்மீதுள்ள குற்ற வழக்குகளையும் சொத்தையும் கடனையும் கல்வியையும் உறுதிமொழிப் பத்திரத்தில் சொல்லியாக வேண்டும். நல்ல ஏற்பாடு. வீட்டிலுள்ள படித்த பிள்ளைகளைக் கொண்டு அதனைப் படிக்கச் செய்தால், மணல் குவாரியிலோ கல் குவாரியிலோ ஆலையிலோ வேட்பாளருக்கு ஏதேனும் பங்குண்டா என்பது ஓரளவு தெரியவரும். தேர்தல் அறிக்கையோ வேறு வகை. அறிக்கையிலுள்ள வாக்குறுதிகள் சட்டப்படி ஊழலாகா என்று 2013இல் தமிழகத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அவற்றை நிறைவேற்றாதவரைப் பிடித்திழுக்கவும் சட்டத்தில் எளிய வழியில்லை. ஆகவே சொத்துப் பத்திரத்தைச் சாட்சியமாகவும், அறிக்கையை விருப்பமாகவும் படிக்க வேண்டும்.

'எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். ஒப்பிட என்ன இருக்கிறது?' என்று நண்பர்கள் கேட்பதுண்டு. உண்மைதான், சில வேளைகளில் ஒப்பீடு எதையும் தராது. கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டம் எழுந்தபோது, அம்மாநிலத்துப் பெரிய கட்சிகள் பெரும்பாலும் அதனை ஆதரித்தன. மின்சாரம் வேண்டும், வேலை வேண்டும் என்பது ஊராரின் நியாயமான ஆசை. காட்டின் பக்கம் நின்றவர்கள் வேட்பாளர்கள் அல்லர். பள்ளிக்கூட ஆசிரியர்களும் அறிவியலாரும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தாரும், பறவையியல் அறிஞர் சாலிம் அலி போன்றோரும் ஆவர். வாக்குச் சீட்டில் தோன்றாத அக்கருத்து, கூட்டங்களிலும் கட்டுரைகளிலும் வளர்ந்து, இறுதியில் தில்லி அரசின் காதில் ஏறிற்று. 1984இல் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வேட்பாளர் அனைவரும் ஒன்றுபோல் இருந்தால், ஒப்பிடும் வேலை முடிந்துவிடுவதில்லை. அவர்கள் வேறுபடும்படி செய்யும் வேலை தொடங்குகிறது. சிலர் வாக்களிக்க மறுப்பதும் உண்டு. பரந்தூரில் விமான நிலையம் அமைக்கும் அறிவிப்பை எதிர்த்து ஏகனாபுரத்து மக்கள் கிராமசபையில் மீண்டும் மீண்டும் தீர்மானம் இயற்றினர். 2024 நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தனர். அவர்கள் நிலையில் இருப்பவர் செய்வதை நாம் தூரத்திலிருந்து குறைகூற மாட்டோம். ஆனால் எவருக்கும் நிலம் போகாத ஊரில், வெறும் சலிப்பினால் வீட்டில் இருந்துவிட்டு அதற்குப் புறக்கணிப்பு என்று பெயரிடுவது வேறு.

இப்போது, மனசாட்சியை உண்மையில் நெருக்கும் இடம். ஒரு வேட்பாளர் ஆற்றைப் பற்றி நன்கு அறிந்தவர். ஆனால் அவர் கட்சியின் கை ஓங்கினால் நம் பிள்ளைகள் அச்சமின்றித் தெருவில் நடக்க முடியுமா என்னும் ஐயம் இருக்கிறது. மற்றவர் நம் பாதுகாப்புக்குத் துணை நிற்பவர். ஆனால் ஆறு அவருக்கு ஒரு பொருட்டன்று. சிறுபான்மையினராகிய குடும்பங்கள் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்க நேர்வதை நாம் அறியாதவர் அல்லோம். உயிரையும் மானத்தையும் முதலில் வைப்போரை யாரும் பழிக்க முடியாது, நாமும் பழிக்கவில்லை. ஆனால் அவ்வாறு முதலில் வைக்கும்போது ஆற்றைப் பின்னால் வைத்தோம் என்பதை நமக்குள்ளாவது தெளிவாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். தெரிந்தெடுத்தவர் நல்லவர் என்பதற்காக அவர் ஆற்றுக்குச் செய்வதும் நல்லது என்று வாதிடத் தொடங்குவது பொய்ச் சாட்சியம். மேலும், எல்லாத் தேர்தலிலும் அந்நெருக்கடி இருப்பதில்லை. ஊராட்சித் தேர்தலிலும் நகரமன்றத் தேர்தலிலும் பெரும்பாலும் நிற்பவர் நம் தெருவார். பாதுகாப்பு அங்கே கேள்வியன்று. குப்பையும் குடிநீருமே கேள்வி. நாடாளுமன்றத் தேர்தலில் பின்னால் வைத்த ஆற்றை வார்டுத் தேர்தலில் முன்னால் வைக்கத் தடையில்லை. அங்கேயும் சொந்தம், ஜமாஅத், தெரு என்று பார்த்து வாக்களித்தால், ஆறு எந்தத் தேர்தலிலும் முன்னால் வருவதில்லை.

நம் தொழிலைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. 'ஆலையை மூடுவேன்' என்பவருக்கும் 'ஆலையைக் காப்பேன்' என்பவருக்கும் இடையே தெரிவு செய்யச் சொன்னால் குடும்பங்கள் பிளவுபடும். இருவரும் உண்மையைச் சொல்லவில்லை என்பதே நம் கருத்து. பல்லாயிரம் பேருக்கு, குறிப்பாகக் காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு, அத்தொழில் அன்றாடச் சோறு. மூடுவேன் என்பவர் அப்பெண்களிடம் அதைச் சொல்வதில்லை. காப்பேன் என்பவரோ உப்பைப் பற்றிப் பேசுவதில்லை. பச்சைத் தோல் கெடாதிருக்க உப்பிடுகின்றனர். ஊறவைக்கும்போது அவ்வுப்பு நீரில் இறங்குகிறது. வழக்கமான சுத்திகரிப்பு, கரைந்த உப்பை நீக்குவதில்லை. அதை நீக்கச் சவ்வூடு வடிகட்டும் முறையும், எஞ்சியதைக் காய்ச்சி உலர்த்தும் முறையும் வேண்டும். உலர்ந்த உப்பை எங்கே கொட்டுவது என்னும் சிக்கல் பின்னும் எஞ்சும். செலவு மிகுதி. அச்செலவை முதலாளி ஏற்பதா, அயல்நாட்டில் காலணி வாங்குபவர் ஏற்பதா, அரசு ஏற்பதா, அல்லது இதுவரை நடந்ததுபோல் கிணற்றுக்காரர் ஏற்பதா? இதற்கு விடை சொல்லும் வேட்பாளரே தொழிலையும் அறிந்தவர், ஆற்றையும் அறிந்தவர்.

ஃபிக்ஹு நூல்களை ஓதியோர் 'ஹரீம்' என்னும் சொல்லை அறிவர். ஒருவர் தரிசு நிலத்தில் கிணறு தோண்டினால், அதனைச் சுற்றிக் குறித்த அளவு நிலம் அக்கிணற்றின் காப்பெல்லையாகும். கால்நடைக்கு நீர் காட்டும் கிணற்றுக்கு ஹனஃபி அறிஞர்கள் நாற்பது முழம் என்றனர். அவ்வெல்லைக்குள் இன்னொருவர் கிணறு தோண்டவோ நீரைக் கெடுக்கவோ உரிமையில்லை. ஹாரூன் ரஷீதுக்காக 'கிதாபுல் கராஜ்' எழுதிய இமாம் அபூயூசுஃபும் ஆறுகளையும் கிணறுகளையும் பற்றிய உரிமைகளை அந்நூலில் விரிவாக ஆராய்ந்தார். வரி பற்றிய நூலில் கிணற்றின் எல்லைக்கு இடம் கிடைத்தது. ஆள்பவன் அறிய வேண்டியவற்றுள் அதுவும் ஒன்றெனக் கருதப்பட்டது. தோல் வணிகர் எவரும் தம் வீட்டுக் கிணற்றின் ஹரீமில் கழிவைக் கொட்டியதில்லை. அண்டை வயலின் கிணற்றுக்கும் அதே நாற்பது முழம் உண்டு.

அண்டை வயலார் மட்டுமல்லர். 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையமொன்றின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது; பக்கத்துத் தோல்ஷாப்பில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் அக்கசட்டில் மூழ்கி இறந்தனர். அவருட் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். இங்கு வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர். கீழ்க்கரையிலிருந்து கெட்ட நீரைக் குடிப்பவர் வேறு தொகுதியினர். அவரும் நம் தொகுதி வேட்பாளரைத் தேர முடியாது. இனிப் பிறக்கப்போகும் குழந்தைகளுக்கும் வாக்கில்லை. சுற்றுச்சூழற் கேடு ஏனைய பிரச்சினைகளினின்று வேறுபடுவது இதனாலேயே: விலைவாசி ஏறினால் வாக்குள்ளவனுக்கு வலிக்கிறது, ஆறு கெட்டால் வலிப்பது பெரும்பாலும் வாக்கில்லாதவனுக்கு. ஆதலால் இவ்வொரு காரியத்தில் நம் வாக்கு நம்முடையது மட்டுமன்று. பிறருடையதும் நம் கையில் அமானிதமாக இருக்கிறது.

1996ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி அமைக்கப்பட்ட ஆணையம் 2001இல் பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீட்டை நிர்ணயித்தது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம், இழப்பீடு இன்னும் சேராத குடும்பங்களுக்கு அதை அரசு வழங்க வேண்டும் என்றும், அத்தொகையை மாசுபடுத்தியோரிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றும், நிலைமையைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. தீர்ப்பிலிருந்து தீர்ப்புக்கு இருபத்தெட்டு ஆண்டுகள். இடையே எத்தனை சட்டமன்றத் தேர்தல், எத்தனை நாடாளுமன்றத் தேர்தல் என்று வாசகர்களே எண்ணிக்கொள்ளலாம். பாலாற்றுக் கரையில் இனி வாக்குக் கேட்டு வருபவரை முற்றத்தில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து, இழப்பீட்டுப் பட்டியலில் தம் தொகுதியின் எந்தெந்தக் கிராமங்கள் உள்ளன என்று கேட்கலாம். பெயர் தெரிந்தவர் சொல்லிவிடுவார். தெரியாதவர் தேநீரைச் சீக்கிரம் முடித்துக்கொள்வார்.